வலத்தை மாடும் கோணிச்சாக்கும்

சப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் எல்லோரும் மரவள்ளிக்கிழங்கில்தான் ஆரம்பிப்பார்கள். தின்றோம், கால் வீங்கிக் கிடந்தோம், பிழைத்தோம் என்பார்கள். நானும் தின்றேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது ஒரு மாட்டைப் பற்றி.

மலாயாவில் ஆயர் ஈத்தாமுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். என் வீட்டுக்காரர் அங்கே தோட்டத்து மாட்டு வண்டி ஓட்டினார். நான் பால் மரம் வெட்டினேன், பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. வண்டிக்கு இரண்டு வெள்ளை மாடுகள். அவர் மாட்டுக்குப் பேர் வைத்துக் கொஞ்சுகிற ஆள் இல்லை. நுகத்தில் வலது பக்கம் கட்டுவது வலத்தை, இடது பக்கம் கட்டுவது இடத்தை. அவ்வளவுதான். கொட்டகையிலும் அந்த இரண்டும் அதே வரிசையில்தான் நிற்கும். மாற்றிக் கட்டினால் புல்லைத் தொடாது.

சப்பான்காரன் முதலில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான். பிறகு ஆட்களைக் கேட்டான். சயாமில் ரயில் பாதை வேலை, கொஞ்ச நாளில் வந்துவிடலாம், அரிசிச் சோறு என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் லயம் லயமாக வந்து சொன்னான். அந்த ஆள் சொன்னதில் ஒன்றுகூட உண்மை இல்லை. என் வீட்டுக்காரர் சோற்றுக்காகப் போகவில்லை.

“மாட்டையும் அங்கனதான் கொண்டு போயிருப்பாங்க. போனா கண்ணுல படும்ல,” என்றார்.

“மாட்டத் தேடிப் போறியா? உனக்கு மூளை இருக்கா?” என்றேன்.

லாரியில் ஏறும்போதும் நான் திட்டிக்கொண்டுதான் நின்றேன். மற்றப் பெண்கள் அழுதார்கள். எனக்கு அழ வராது, திட்டத்தான் வரும். என் வாயிலிருந்து அவர் கடைசியாகக் கேட்டது அதுதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டுப் பழகியதுதான் அது.

அவர் போய் வெகு நாள் கழித்து, பக்கத்து மலாய்க் கிராமம், கம்பத்திலிருந்து ஒரு மலாய்க்காரர் வந்தார். அவர் வீட்டுத் தேங்காயை என் வீட்டுக்காரர் வண்டியில் ஏற்றியிருக்கிறார். அந்தப் பழக்கம். உங்கள் மாடு குளுவாங் போகிற சாலையோரம் கிடக்கிறது, எழுந்து நிற்கிறது, விழுகிறது, யார் போனாலும் முட்ட வருகிறது என்றார். எப்படி எங்கள் மாடு என்று தெரியும் என்று கேட்டேன். வலது கொம்பில் இருக்கிற பித்தளைக் குப்பியைச் சொன்னார். அது வலத்தைதான்.

நானும் பக்கத்துக் காம்பராவில், லயத்தின் அடுத்த அறையில், இருந்த அக்காவும் போனோம். அந்த அக்காவின் புருஷனும் அதே லாரியில் போனவர். மாடு எலும்பும் தோலுமாகக் கிடந்தது. திமிலில் நுகத்தடிப் புண், உள்ளே புழு. மூக்குத் துளை கிழிந்திருந்தது. காதுக்குக் கீழே கழுத்தைச் சுற்றி ஒரு வரி, கயிறு அறுத்த வரி, வட்டமாக. மாட்டுக்கு அந்த இடத்தில் யாரும் கயிறு போடுவதில்லை. அது என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

எப்படியோ இழுத்தும் தள்ளியும் கொண்டுவந்து சேர்த்தோம். லயத்தில் எல்லோரும் நல்ல சகுனம் என்றார்கள். மாடு வந்துவிட்டது, ஆளும் வந்துவிடுவான் என்றார்கள். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த மாடு செத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அவர் வந்து கேட்டால் காட்ட ஒன்று வேண்டும். அதைத் தேடித்தானே போனார்.

புகையிலையையும் சுண்ணாம்பையும் கசக்கி வைத்ததில் புழு செத்தது. புண் காய ஆரம்பித்தது. உடம்பு அத்தனை கஷ்டமில்லை. மாட்டுக்குள்ளே என்ன இருந்ததோ, அதுதான் கஷ்டம். கொட்டகையில் வலது ஓரம் ஒட்டி நிற்கும், இடது பக்கம் காலியாக விட்டு. ராத்திரியும் படுக்காது. கிட்டே போனால் உடம்பு முழுக்க நடுங்கும், கண் வெள்ளையாகப் புரளும். தண்ணீர் வைத்துவிட்டு நான் தூரப் போன பிறகுதான் குடிக்கும்.

ஒரு நாள் அக்கா ஒரு வாளி தண்ணீர் கொண்டு வந்தது. வலத்தை ஒரே எம்பாக எம்பி, கட்டுத்தறியைப் பெயர்த்துக்கொண்டு, கொட்டகைத் தட்டியை உடைத்து வெளியே விழுந்தது. அக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓடியது.

“என்னைய மட்டும் ஏன்டி முட்ட வருது? நானா அத சயாமுக்கு அனுப்புனேன்?”

அப்போதுதான் கவனித்தேன். அக்கா சாக்கு கட்டியிருந்தது.

அந்தக் காலத்தில் துணி கிடையாது. இருந்த சேலை கிழிந்து, ஒட்டுப்போட இடமில்லாமல் போன பிறகு, அரிசி மூட்டைக் கோணிச்சாக்கில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி மாட்டிக்கொண்டோம். வேர்வை பட்டால் தோல் அரித்துப் புண்ணாகும். தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் திரிந்தோம். நானும் வேலைக்குப் போகும்போது சாக்குதான். கொட்டகைக்கு வரும்போது மட்டும், மாட்டின் சாணியும் சீழும் படும் வேலை, சாக்கு போனால் வேறு சாக்குக் கிடைக்காதே என்று பழைய கந்தலைச் சுற்றிக்கொண்டு வருவேன்.

மறுபடி அந்த மலாய்க்காரரைப் பார்த்தபோது மாட்டின் கழுத்து வரியைச் சொல்லிக் கேட்டேன். அவர் மகன் குளுவாங் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவன், அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். வெகு நாள் இங்கேயே வேலை வாங்கிவிட்டுத்தான் சயாமுக்கு ஏற்றினார்களாம்; கூட்ஸ் வண்டியில் ஏற மறுக்கிற மாடுகளின் தலையில் கோணியைக் கவிழ்த்துக் கழுத்தில் இறுக்கிக் கட்டி, கண் தெரியாமல் அடித்து ஏற்றியிருக்கிறார்கள். பலகையிலிருந்து விழுந்த மாடுகளை அப்படியே விட்டுவிட்டார்கள். இடத்தை ஏறிவிட்டது போலிருக்கிறது. வலத்தை விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். கந்தல் நைந்து போயிருந்தது. முழுசாக இருந்தது ஒரே சேலை, என் கூறைச்சேலை. அவர் வரும்போது கட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அதை எடுத்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அக்கா லயத்து வாசலில் நின்று பார்த்தது.

“யாருக்குடி சிங்காரம்? புருஷனுக்குக் கட்டுன கூறைய மாட்டுக்குக் கட்டுறியா?”

“ஆமா. மாடுதான் திரும்பி வந்துச்சு.”

“வெக்கங்கெட்டவ.”

“சாக்கு மாட்டிக்கிட்டு வெக்கத்தப் பத்திப் பேசாத.”

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வருஷத்தில் சிரித்தது எனக்கு அது ஒன்றுதான் நினைவில் இருக்கிறது.

தினமும் மரம் வெட்டிவிட்டு வந்து, சாக்கைக் கழற்றிக் காம்பராவில் போட்டு, உடம்பைக் கழுவி, கூறையைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போவேன். மாட்டைப் பார்க்க மாட்டேன். முதுகைக் காட்டி உட்கார்ந்து கிழங்கு உரிப்பேன். என் வீட்டுக்காரர் நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுப்பார், மாடு காதைத் திருப்பும். எனக்கு அந்தச் சத்தம் வரவில்லை. எச்சில்தான் தெறித்தது. கொஞ்சிப் பேசவும் தெரியாது. அதனால் திட்டினேன். மாட்டை இல்லை, அவரை. குடித்துவிட்டு வந்தது, மழையில் கூரையை ஒட்டாமல் விட்டது, லாரியில் ஏறியது எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன்.

பின்னால் மூச்சுச் சத்தம் மாறியது. மெதுவாகத் திரும்பினேன். வலத்தை இரண்டு காதையும் என் பக்கம் திருப்பி வைத்திருந்தது. நியாயம்தான். அந்த வீட்டில் சாயங்காலம் ஆனால் அது கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அதுதானே.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒரு நாள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. இன்னொரு நாள் என் கையை நக்கியது. உப்பு கிடைக்காத காலம், மனுஷனுக்கே இல்லை. என் வேர்வையில் இருந்த உப்பைத் தின்றது. சொரசொர நாக்கு, தோல் எரிந்தது, கையை எடுக்கவில்லை. மழை விட்ட ஒரு சாயங்காலம் கொட்டகைக்குள் போனபோது அது படுத்திருந்தது. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அசை போட்டுக்கொண்டே இருந்தது. நான் அங்கேயே நின்றேன். திட்டக்கூட வரவில்லை.

கிராணி அதையும் பார்த்துவிட்டான். ஒரு மத்தியானம் காம்பரா வாசலில் வந்து நின்றான்.

“ஏம்மா, உன் மாடு சாதுவாயிருச்சாமே.”

“யாரு சொன்னா?”

“நானே பார்த்தேன். நாளைக்குப் பலகை இழுக்க மாடு பார்க்க வர்றாங்க. ஒன்னு இருக்குன்னு சொல்லிட்டேன். நான் சொல்லலைன்னா என் தோல உரிச்சிருவாங்க லா.”

“ஆள அனுப்புன. இப்ப மாட்டையும் அனுப்புறியா? உன் பொண்டாட்டி கட்டியிருக்கிற சேலை எங்கேருந்து வந்துச்சு?”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போய்விட்டான்.

காட்டுக்குள் ஓட்டிவிடு என்றது அக்கா. ஓட்டினால் லயத்தையே வெயிலில் மண்டி போட வைத்து அடிப்பார்கள். அக்காவுக்கும் அது தெரியும். சும்மா சொன்னது.

காலையில் இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள், கிராணி பின்னால். எல்லோரும் குனிந்து வணங்கினோம். நான் கூறை கட்டியிருந்தேன். ஒருத்தன் வலத்தையின் திமிலில் கையை வைத்தான். மாடு நடுங்கியது, ஆனால் நின்றது. நான் பக்கத்தில் இருந்தேன், அதனால் நின்றது. அவன் பல்லைப் பார்த்தான், காலைத் தட்டினான், தலையை ஆட்டினான். நுகத்தடியை எடுத்து வரச் சொல்கிறார்கள் என்றான் கிராணி.

நுகத்தடி காம்பராவில்தான் இருந்தது. உள்ளே போனேன். மாடு இந்த வாசலைத் தாண்டினால் அது எங்கே போகும், எப்படி ஏற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். கூறையை அவிழ்த்தேன். சாக்கை மாட்டிக்கொண்டேன். நுகத்தடியைத் தொடவில்லை.

வெளியே வந்தேன். வலத்தை என்னைப் பார்த்தது. முன்னங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின. கட்டுத்தறியை இழுக்கும், முட்டும், ஓடும் என்று நினைத்துத்தான் வந்தேன். அது ஓடவில்லை. மூக்கை நீட்டி என்னை மோந்தது. சாக்குக்குள் இருப்பது நான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. நடுங்கிக்கொண்டே நின்றது.

அவ்வளவு குணமாகியிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சிப்பாய் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். உடுத்த உதவாத கிழிசல் சாக்கு ஒன்று, சாணி அள்ளுவதற்கு, தட்டிக்கு வெளிப்புறம் மாட்டின் கண்ணில் படாமல் தொங்கியது. அதை எடுத்து மாட்டின் தலையில் கவிழ்த்தேன். இரண்டு கையாலும் கழுத்தில் இறுக்கினேன், வாய் பாட்டுக்கு அவரைத் திட்டிக்கொண்டிருந்தது.

அது கத்திய சத்தத்தைச் சொல்லத் தெரியவில்லை. மாடு அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கொட்டகைக் கால் முறிந்தது. ஒரு சிப்பாய் சேற்றில் உருண்டான். நான் தூக்கி எறியப்பட்டுத் தட்டியில் மோதினேன். மாடு சாக்கோடு சுழன்று, சாக்கை உதறி, ரப்பர் மரங்களுக்குள் ஓடியது. மற்றவன் சுட்டான். குண்டு ஒரு மரத்தில் பட்டது. அந்த ஓட்டையிலிருந்து பால் வழிந்தது.

விழுந்தவன் எழுந்து வந்து என்னைக் கன்னத்தில் அறைந்தான். துப்பாக்கிக் கட்டையால் தோளில் இடித்தான். இன்றைக்கும் அந்தக் கை முழுசாக மேலே போகாது. கிராணி கும்பிட்டுக் குனிந்து, விரலை நெற்றியில் சுழற்றிக் காட்டினான். பைத்தியம் என்று. மாட்டைச் சொன்னானோ என்னைச் சொன்னானோ. சுட்டவன் சிரித்தான். போய்விட்டார்கள். அப்புறம் அந்த மாட்டை யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் வலத்தை தண்ணீருக்கு வந்தது. வேறெங்கே போகும். நான் கூறையைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து திட்ட ஆரம்பித்தேன். முதல் வார்த்தையிலேயே வாளியை விட்டு நகர்ந்தது. நிறுத்தினேன். குடித்தது. மறுபடி ஆரம்பித்தேன். போய்விட்டது.

முன்னே அது பயந்தது சாக்குக்கு. இப்போது என் குரலுக்கு. குரலை எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது? கொட்டகைப் பக்கம் போனால் வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பாடு என்று புரியும். அக்கா ஒரு நாள் கேட்டது.

“ஏன்டி அப்படிச் செஞ்ச? கெஞ்சிப் பார்த்திருக்கலாம்ல.”

“கெஞ்சுனா விட்டுருப்பானா?”

“விட்டுருக்க மாட்டான்.”

“அப்புறம் என்ன கேக்குற?”

நான் செய்தது சரி. இன்றைக்கு அதே சிப்பாய் வந்து நின்றாலும் அதையேதான் செய்வேன். சரியானதைச் செய்தால் மனசு ஆறும் என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயிலேயே போடுவேன்.

சண்டை முடிந்த பிறகு சயாமிலிருந்து சிலர் வந்தார்கள். அக்காவின் புருஷன் வந்தார், ஆள் அடையாளம் தெரியவில்லை. அவர்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் போன கொஞ்ச காலத்திலேயே காலில் புண் வந்து செத்துவிட்டார். நான் மாட்டைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு முன்பே. அங்கே மாடுகளைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

“பார்க்கல, தங்கச்சி. கேட்டுக்கிட்டேதான் இருந்தாரு.”

கடைகளில் துணி வந்தது. சாக்குகளைக் குவித்து எரித்தோம். வலத்தை அதன் பிறகும் சில வருஷம் இருந்தது. வண்டிக்குக் கட்டவில்லை, கட்ட முடியாது. கொட்டகையின் வலது ஓரத்தில் நிற்கும். தூரத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், பேசாமல். சில நாள் இரண்டு எட்டு என் பக்கம் வைக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அங்கேயே நின்றுவிடும்.

ஒரு காலையில் லாலான் புல்லில் செத்துக் கிடந்தது. கிட்டே போய் உட்கார்ந்து திமிலில் கையை வைத்தேன். அந்தச் சாக்கு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக. நுகத்தடிப் புண் சுத்தமாக ஆறி, மேலே வெள்ளை மயிர் முளைத்திருந்தது. கழுத்தில் அந்த வரியையும் தேடிப் பார்த்தேன். அங்கேயும் மயிர் மூடியிருந்தது. விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.