பட்டியலில் விட்டுப்போன பெயர்

என் வீட்டுக்காரர் பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனைவரை நடந்துவிட்டுத் திரும்பிப் போய் நான்காவது முறையும் இழுப்பார். இருபத்திரண்டு வருடமாக நான் தெருமுனையில் நின்றுகொண்டிருக்கிறேன். பிஸ்கட் டப்பாவின் மேல் உள்ளே எத்தனை இருக்கிறதென்று எழுதி ஒட்டியிருப்பார். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான். தான் தின்றாலும் எண்ணைத் திருத்திவிடுவார், அந்த நேர்மையை நான் குறை சொல்ல முடியாது.

செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் இருவருக்கும் வேலை. நான் அளவெடுத்து மாவுக்கட்டில் அச்செடுப்பேன். அவர் பதிவுப் பிரிவு. பதிவுப் பிரிவு என்றால் அவர், ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். பழைய நோட்டுகளில் கிடந்த ஆயிரத்துச் சொச்சம் பேரின் அளவுகளை இரண்டு வருடம் உட்கார்ந்து ஒற்றை ஆளாக டேட்டாபேஸில் ஏற்றியவர் அவர். அந்த ஃபைலைத்தான் நாங்கள் எல்லோரும் அவரவர் கம்ப்யூட்டரில் திறந்து வேலை பார்ப்போம்.

போன மாதம், தோல் பட்டை தைக்கிறவர் எதையோ தேடப் போய், இடது கால், வலது கால் என்று குறித்திருந்த பத்தியை மொத்தமாக அழித்துவிட்டார். 'நிச்சயமாகவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டதாம். மரியாதையாகக் கேட்டதால் ஆமாம் என்றாராம். முந்தின நாள் எடுத்துவைத்த ஃபைல் காப்பி இருந்ததால் பிழைத்தோம். ஆனால் என் வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை மதியம் எறும்புகூட நுழைய முடியாதபடி பூட்டினார். ஃபைலைத் திறந்தால் நேராக ஒரே ஒரு படிவம் வரும். இடது பக்கம் தெரியும் அட்டவணைகள், மேலே இருக்கும் மெனுக்கள் எல்லாம் மறைந்துவிடும். ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே திறந்தால் இந்தக் கட்டுப்பாடுகளைத் தாண்டிப் போகலாமாம். அந்த ஓட்டையையும் அடைத்தார். கடைசியாக ஒரு பட்டியல்: யார், என்ன செய்யலாம். பட்டியலில் பெயர் இல்லாதவர் திறந்தால் ஃபைல் தானே மூடிக்கொள்ளும். பிறகு சுவரில் அறிவிப்பு ஒட்டினார்: 'எல்லோரும் பார்க்கலாம். யாரும் திருத்த முடியாது. திருத்தம் வேண்டுவோர் காரணத்துடன் சீட்டு எழுதித் தரவும்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்டுப்பட்ட கால் மாதாமாதம் சுருங்கும். ஒவ்வொரு அரை சென்டிமீட்டருக்கும் நான் கட்டிய புருஷனுக்கு மனு எழுத வேண்டுமா? ஞாயிறு முழுக்க அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் ஃபைலைத் திறந்தார். 'உங்களுக்கு அனுமதி இல்லை. பதிவுப் பிரிவை அணுகவும்' என்றது. இரண்டு முறை படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

மேலாளர் வந்தார். "எல்லாருக்கும் தொறக்குது, உங்களுக்கு மட்டும் தொறக்கலையா?"

"பட்டியல்ல என் பேரு இல்ல சார்."

"யாரு போட்ட பட்டியல்?"

"நான்தான்."

"சோதிச்சுப் பாக்கலையா?"

"மத்த எல்லார் கம்ப்யூட்டர்லயும் உக்காந்து பாத்தேன் சார். யார் யாரைக் கட்டுப்படுத்தணும்னுதான் பட்டியல் போட்டேன். அதுல என் பேரு எதுக்கு?"

மேலாளர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வெளியே ஆறு பேர் புது அளவு பதியக் காத்திருந்தார்கள். "அஞ்சு மணி வரைக்கும் பாருங்க. முடியலன்னா நாளைக்கு வெளியாளை வச்சுப் புதுசாப் போட்டுக்கறேன். நீங்க குடோனைப் பாத்துக்கங்க" என்றார். குடோனில் கம்ப்யூட்டர் கிடையாது, பழைய கால்கள்தான்.

பகல் முழுக்க அவர் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தார். சனிக்கிழமைக் காப்பியை எடுத்துப் பார்த்தார். அதையும் பூட்டிய பிறகுதான், வெள்ளிக்கிழமைக் காப்பியின் மேலேயே எடுத்திருந்தார். பட்டை தைக்கிறவர் மேசையில் உட்கார்ந்து பார்த்தார், பார்க்க மட்டும்தான் முடிந்தது. நான் கோபத்தில் அன்று ஃபைலைத் தொடவே இல்லை, அளவுகளை நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனாலும் அந்த இரண்டு வருட உழைப்பை நினைத்து அடிக்கடி அவர் மேசைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

நாலே முக்காலுக்கு என் மேசைக்கு வந்து நின்றார்.

"உன் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் தொறந்து பாரேன்."

"எதுக்கு? என்னால பாக்கத்தானே முடியும். சீட்டு எழுதித் தரட்டுமா?"

"தொற."

திறந்தேன். இடது பக்கம் அத்தனை அட்டவணைகளும், மேலே அத்தனை மெனுக்களும் இருந்தன. பட்டியலைத் திறந்தேன். ஒன்பது பெயர்கள். எட்டுப் பேருக்கு நேராக 'பார்க்க மட்டும்'. என் பெயருக்கு நேராக 'எல்லாம்'.

"என்னங்க இது?"

"எனக்கு ஏதாவது ஆயிட்டா யாராவது பாத்துக்கணுமே."

என் பெயரை இன்னொரு முறை படித்தேன். படித்து முடிப்பதற்குள் கோபமும் வந்தது.

"அப்ப ஏன் காலைலயே சொல்லல? குடோனுக்கே போயிருப்பீங்களே!"

"சொன்னா நீ திருத்த ஆரம்பிச்சிடுவ."

பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்து, நேராக 'எல்லாம்' என்று போட்டேன். சேமிக்கவில்லை. சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினேன். மணி ஐந்தாக நான்கு நிமிடம். அவர் சீட்டு எடுத்து, பெயர், பிரிவு, வேண்டும் திருத்தம் எல்லாம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'என் தவறு' என்று இருந்தது.

சேமித்தேன். சீட்டை என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.