முப்பத்தொரு நவம்பர்

இராஜமாணிக்கத்தின் மேஜைக்கு வந்த எந்தப் பில்லும் முதல் தடவையே பாஸானதாகச் சரித்திரம் இல்லை. மாநிலக் கருவூலத்தில் எழுத்தராக நுழைந்து, முப்பத்தாறு வருஷம் கழித்துத் துணை இயக்குநராக வெளியே வந்தவர் அவர். தேதி விட்டுப்போயிருக்கும், முத்திரை சரியாக விழுந்திருக்காது, ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது இவரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். பெரிய இடத்து ஆள் வந்து நின்றாலும் உட்காரச் சொல்லி, காபி வாங்கிக் கொடுத்து, பாஸ் பண்ணாத பில்லையும் கையில் கொடுத்து அனுப்பிவைப்பார்.

வீட்டில் ஆள் வேறு. தொம்மலூர் பழைய ஊருக்குள் இருந்த அந்த வீட்டு வாசலில் ஆறு மணிக்கு ஸ்கூட்டர் வந்து நின்றுவிடும். மகள் இளவேனிலுக்குத் தலை வாரிவிடுவார், மகன் ஹரிஷுக்கு மாதுளம்பழம் உதிர்த்துக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மனைவி அம்புஜத்தை அடுப்படிப் பக்கமே விடாமல் தானே கறிக்குழம்பு வைப்பார். வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கே தெரியும். அதனால் யாரையும் கேட்கிற வழக்கம் இல்லை.

தங்கை உஷா இருபத்தேழு வயதில் புருஷனை இழந்தாள். பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவள் கணவன் சின்னப்பாவை மஞ்சள் காமாலை பதினோரு நாளில் கொண்டுபோய்விட்டது. குழந்தை இல்லை. மற்றவர்கள் வருஷக்கணக்கில் அலைகிற குடும்ப ஓய்வூதியத்தை அண்ணன் எழுபதே நாளில் வாங்கிக் கொடுத்தார். தங்கையையும் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று ஜனங்கள் பேசினார்கள். பொய்யாகப் பேசவில்லை.

அந்த ஓய்வூதியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு நவம்பரிலும், உயிரோடு இருக்கிறேன், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். படிவத்தை இராஜமாணிக்கமே கொண்டுவருவார், தானே நிரப்புவார். மறுமணம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுவதும் அவர்தான். கீழே பென்சிலால் ஒரு குறி போட்டு நீட்டுவார், உஷா அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவாள். பேங்கில் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போவார்கள். எல்லோருக்கும் மசால் தோசை என்று அவரே ஆர்டர் கொடுப்பார். பிள்ளைகளுக்கு அது தீபாவளி முடிந்து வரும் இன்னொரு பண்டிகை.

உஷா வந்த ஐந்தாவது வருஷம் ஹரிஷுக்கு டைபாய்டு. வாரா வாரம் ரத்தப் பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு அவனை உஷாதான் கூட்டிப்போனாள். அங்கே லேபில் ரத்தம் எடுத்தவர் ஜீவனஹள்ளிக்காரர் ரவிக்குமார். ஹரிஷ் தேறி இரண்டு மாதம் கழித்து, அவர் கருவூலத்துக்கே வந்து இராஜமாணிக்கத்தின் முன்னால் நின்றார்.

“சார், உங்க தங்கச்சியைக் கட்டிக்க எனக்கு இஷ்டம். பெரியவங்க நீங்க. உங்ககிட்ட கேக்கறதுதான் மொறை.”

இராஜமாணிக்கம் கோபப்படவில்லை. மறுமணம் கூடாது என்கிற ஆளும் இல்லை. உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார்.

“வேலை பர்மனென்ட்டா?”

“டெம்பரரிதான் சார். பர்மனென்ட் பண்ற லிஸ்ட்ல பேரு இருக்கு.”

“கல்யாணம் ஆச்சுன்னா அவ பென்ஷன் நின்னுடும் தம்பி. நாளைக்கு உங்க வேலையும் போச்சுன்னா ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க? பர்மனென்ட் ஆவட்டும், அப்புறம் பேசலாம்.”

பில்லைத் திருப்பிய மாதிரியே மனுஷனையும் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. கைகூடாத காரியத்தைச் சொல்லி அவள் மனசைக் கெடுப்பானேன் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் மன்னித்துவிடலாம். இரண்டு வருஷம் கழித்து, தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்கிய ஆணையும் அவர்களுடைய முதல் சம்பளப் பில்லும் அவருடைய மேஜைக்கே வந்தன. நாற்பத்திரண்டாவது பெயர் ரவிக்குமார். மூன்று தடவை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்று உஷாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் அவள் இளவேனிலுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹரிஷ் அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தான். இவள் போய்விட்டால் இந்த வீடு என்ன ஆகும் என்று தோன்றியது. வேண்டுமென்றால் ரவிக்குமாரே வரட்டும் என்று சட்டையைக் கழற்றி மாட்டினார். ரவிக்குமார் வரவில்லை. அந்த நவம்பரிலும் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதி நீட்டினார். மறு வருஷம் ரவிக்குமாருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகக் காதில் விழுந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று அம்புஜத்திடம் சொன்னார்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவரும் ஓய்வுபெற்றார். ஒவ்வொரு நவம்பரும் அந்தக் கட்டத்துக்கு வரும்போது மட்டும் பேனா கொஞ்சம் நிற்கும். சொல்லிவிடலாமா என்று நினைப்பார், மென்று விழுங்கிவிடுவார்.

முப்பத்தொன்றாவது நவம்பரில் பேங்குக்கு வர வேண்டாம், ஃபோனிலேயே செய்துவிடலாம் என்றார்கள். இளவேனில் அத்தையின் ஃபோனில் எல்லாவற்றையும் தயார் பண்ணிக் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டாள். அண்ணனும் தங்கையும் சோபாவில் உட்கார்ந்தார்கள். அவருக்கு எழுபது, அவளுக்கு ஐம்பத்தெட்டு. பெயர், வங்கி எண் எல்லாம் முடிந்து கேள்வி வந்தது. மறுமணம் செய்துகொண்டீர்களா? ஆம், இல்லை. பழக்கதோஷத்தில் இராஜமாணிக்கம் விரலைக் கொண்டுபோனார். உஷா ஃபோனை நகர்த்திக்கொண்டாள்.

“இருங்கண்ணா. இத்தனை வருஷத்துல இதை என்னைக் கேக்கறது இந்த ஃபோன்தான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது. இனிமேலும் அடக்கிவைக்க அவரால் முடியவில்லை.

“உஷா, அந்த லேப் ரவிக்குமார் ஒருதடவை என் ஆபீசுக்கு வந்து...”

“தெரியும். நான்தான் அனுப்பினேன்.”

உஷா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“பர்மனென்ட் ஆன அன்னிக்கும் என்கிட்ட வந்து சொன்னாரு. பில்லு உங்கண்ணன் டேபிளுக்குத்தான் போவும், பேரைப் பாத்ததும் அவரே கூப்பிடுவாருன்னாரு. மறுபடி போய் நின்னா மரியாதையா இருக்காதுன்னு நெனச்சாரு. நானும் நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். நவம்பர் வந்துச்சு. நீங்க ஃபாரத்தை எடுத்துட்டு வந்தீங்க. சரி, அண்ணனுக்கு இஷ்டமில்லைன்னு விட்டுட்டேன்.”

“ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கலாமேம்மா.”

“சோறு போட்டு வெச்சிருக்கிற அண்ணன்கிட்ட, நான் போறேன்னு எப்படிண்ணா கேக்கறது?”

இஷ்டம் இல்லாமல் இல்லை, நீ போய்விட்டால் எங்களுக்குக் கஷ்டம் என்று நினைத்தேன் என்று சொல்லத் தொடங்கினார். முடிக்க முடியவில்லை. எழுபது வயதில் தங்கையின் முன்னால் உட்கார்ந்து அழுதார். உஷா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பரவாயில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

பிறகு ‘இல்லை’ என்பதைத் தானே அழுத்தினாள். அடுத்ததாக முகத்தைக் காட்டிக் கண்ணை இமைக்கச் சொன்னது ஃபோன். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார்.

“மொகம் முழுசா தெரியலண்ணா. கொஞ்சம் தள்ளிப் புடிங்க.”

மூன்றாவது தடவையில் அவள் உயிரோடு இருப்பதை ஃபோன் ஒப்புக்கொண்டது. அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் போல, ஹோட்டலுக்குப் போகலாமா, தோசை சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றார்.

“மசால் தோசை எனக்குப் புடிக்காதுண்ணா. நீங்க ஆசையா வாங்கித் தர்றீங்களேன்னு சாப்பிடுவேன்.”

எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார்.

“அப்போ உனக்கு என்னம்மா புடிக்கும்?”

உஷா யோசித்தாள். உள்ளே அம்புஜம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. அப்போதும் தனக்கு என்ன பிடிக்கும் என்று உஷாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.