குறை என்னிடம்தான் என்றார்

எழுபதுகளின் பிற்பகுதி. கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. சுரங்கத்தில் வேலை பார்த்த என் கணவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் உப்பி, ஒரு வாய்க் கஞ்சி குடிக்க முடியவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு வருவது இவருக்கு வந்திருக்கிறதே என்று எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் சிரிப்பு. அக்கம்பக்கத்தில் பல ஜில்லாக்காரர்கள், ஆளுக்கொரு வைத்தியம். மதுரைக்கார அக்கா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தந்தார். கோயம்புத்தூர் அம்மா, "கழுத்துல பொன்னு போட்டா வத்திப் போயிருமுங்க" என்றார். என் சங்கிலியைக் கழற்றிக் கணவர் கழுத்தில் போட்டுவிட்டேன். வெட்கப்பட்டுத் துண்டால் மூடிக்கொண்டார். அம்மை கண்ட உடம்போடு ஆஸ்பத்திரிப் படி ஏறக் கூடாது என்று மாமியார் சொல்லியனுப்பினார். நாங்களும் போகவில்லை.

கன்னம் வற்றத் தொடங்கியதும் காய்ச்சல் மறுபடி ஏறியது. காலை அகட்டி அகட்டி நடந்தார். கேட்டதற்கு, "சைக்கிள் பார்ல இடிச்சிகினேன்" என்றார். விரை இரண்டும் வீங்கியிருந்ததைப் புதுப் பெண்டாட்டியிடம் சொல்லக் கூசியிருக்கிறார், பாவம். பல்லைக் கடித்துக்கொண்டு ஷிஃப்டுக்கும் போனார்.

வருஷங்கள் ஓடின. குழந்தை இல்லை. எந்த வீட்டு வளைகாப்புக்குப் போனாலும் "உனக்கு விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டுக் கேட்டு, நான் வளைகாப்புக்குப் போவதையே விட்டுவிட்டேன். சுற்றாத அரசமரம் இல்லை. கடைசியில் கடலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். என்னைச் சோதித்துவிட்டு, அவரையும் சோதிக்க வேண்டும் என்றார். அவருடைய விந்தில் உயிரணுவே இல்லை.

பழைய கதையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் பொறுமையாக விளக்கினார். வளர்ந்த ஆணுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தால் சிலருக்கு விரைக்கும் இறங்குமாம். கிருமியை விரட்ட உடம்பு போடும் சண்டையில் அங்கே வீக்கம் கண்டு, விரிய இடமில்லாமல், விந்து உண்டாகும் இடமே நசுங்கிவிடுமாம். பெரும்பாலானவர்கள் தப்பிவிடுவார்கள், இவருக்கு இரண்டு பக்கமும் கெட்டுவிட்டது என்றார். காப்பாற்ற வந்த சண்டையே இப்படிச் செய்துவிட்டதே என்று எனக்கு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் சொன்னேன்: "இது நம்மளோட இருக்கட்டும். எப்படியும் என்னைத்தான சொல்றாங்க, சொல்லிட்டுப் போகட்டும்." ஷிஃப்டில் நாலு ஆம்பளைகளோடு நிற்கிறவர், கேலி பேசியே கொன்றுவிடுவார்களே என்ற பயம் எனக்கு.

கொஞ்ச நாளில் திருவதிகையிலிருந்து மாமியார், தன் தம்பியையும் உறவுக்காரர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்தார். "எவ்ளோ நாளு பாத்துகினு இருக்கறது? அவனுக்குப் பொண்ணு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நீயும் இங்கியே இருந்துக்க, நான் ஒண்ணும் தொரத்தல. உனக்கு சம்மதந்தான?" என்று என்னைக் கேட்டார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

முதல் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த என் கணவர், உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"கொற எங்கிட்டதாம்மா. டாக்டரே சொல்லிட்டாரு. இன்னொருத்தியக் கட்டி வச்சாலும் அவளுக்கும் இதே கதிதான்."

மாமியாரின் தம்பி கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "ஏண்டா, இத எல்லார் எதுருலயுமா சொல்லுவ?"

"எல்லார் எதுருலயுந்தானம்மா அவளக் கேட்ட?"

சுரங்கம் வரைக்கும் செய்தி போனது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். அதற்காக அவர் ஒரு நாள்கூட ஷிஃப்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அந்த வருத்தம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் தன் மானத்தைக் கொடுத்து என் மானத்தைக் காப்பாற்ற ஒருவர் இருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், நான் வெறும் கையோடு வாழ்ந்தவள் இல்லை என்றே தோன்றுகிறது.