புறங்கைச் சத்தம்

என்ட புருசனுக்கு முழங்கால் நோவு வந்து பள்ளிவாசலுக்குப் போறது குறைஞ்சதில இருந்து, அந்தி மஃரிபை வீட்டிலதான் தொழுறம். முன்னுக்கு அவர், பின்னுக்கு நான் ஒராள். தொழ வைக்கிறவர் பிழை விட்டா ஆம்பிளைகள் "சுப்ஹானல்லாஹ்" எண்டு சொல்லிக் காட்டுவாங்க. பொம்பிளைகள் வாய் திறக்கிறல்ல, புறங்கையில தட்டிக் காட்டுறது. அப்படித் தட்டுற வேலையை அந்த மனிசன் எனக்கு வெச்சதே இல்ல.

போன வருசம்தான் தொடங்கினது. மஃரிபுக்கு நிண்டு குனிஞ்சு நெத்தி வெக்கிற சுத்து, ரக்அத், மூணுதான்; மூணும் முடிஞ்சு நாலாவதுக்கு எழும்பினார். தட்டினன், திரும்பக் கீழ இருந்தார். அடுத்த நாளும் அதே கூத்து. சந்தைக்குப் போனவர் மீனுக்குச் சல்லியைக் குடுத்திட்டு, மீனை அங்கயே விட்டுட்டு வந்தார். "வயசு போனா அப்படித்தான்" எண்டு சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல்ல.

கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டினம். பிரஷர் கன காலமாக் கூடி நிண்டதால மூளையில உள்ள மெல்லிய ரத்தக் குழாயெல்லாம் பழுதாப் போயிரிக்கி எண்டார் டொக்டர். இவரோ தலை இடிச்சாத்தான் பிரஷர்க் குளிசை போடுற ஆள். எவ்வளவு சொல்லியிருப்பன், கேட்டாரா? தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால் எண்டு நிண்டார். அந்த டொக்டர் சும்மா இரிக்காம என்ட கையிலயும் பிரஷர்ப் பட்டியைச் சுத்திப் பாத்தார். "உம்மா, உங்களுக்கு அவரை விடக் கூட இரிக்கி."

"எனக்கென்ன மகன், நான் நல்லாத்தானே இரிக்கன்" எண்டு சொல்லிட்டு, அவர்ர குளிசைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன்.

அதுக்குப் பிறகு அவர்ர மறதிக்கு நான்தான் காவல். தொழுகையில நிண்டாலும் மனசு ரக்அத்தை எண்ணிக்கொண்டே இரிக்கும். யா அல்லாஹ், இதுவும் ஒரு தொழுகையா எண்டு வெக்கமா வரும். அவர் என்னை அப்படி நம்பினார். "நீ பின்னுக்கு நிக்கக்குள்ள எனக்கென்ன பயம் புள்ள" எண்டுவார்.

ஒரு நாள் அடுத்த தெருவில இருந்து மகள் வந்திருந்தாள். அவளுக்கு மாத விலக்கு, தொழுகை இல்லாத நாள், கட்டிலில இருந்து உடுப்பு மடிச்சுக்கொண்டிருந்தாள். கீழ இருந்து அத்தஹிய்யாத்து ஓதிட்டு இவர் எழும்பினார். தட்டினன். நிண்டு யோசிச்சார். இன்னும் பலமாத் தட்டினன். திரும்பக் கீழ இருந்து சலாம் குடுத்துத் தொழுகையை முடிச்சார்.

"என்ன உம்மா நீங்க? வாப்பா சரியாத்தானே எழும்பினார். ரெண்டுதானே தொழுதீங்க."

மூணாவதை நான் தொழுதனே! குனிஞ்சதும், நெத்தி பாயில பட்டதும் இப்பயும் ஞாபகத்தில இரிக்கி. நடக்காத ஒண்டு எப்படி ஞாபகத்தில இரிக்கும்?

இவர் திரும்பிப் பாத்தார். கோபமே இல்ல. "நீ தட்டினாய்தானே புள்ள," எண்டார். மறுகா எழும்பி, விட்டதைத் தொழுதார். நானும் பின்னால தொழுதன்.

இப்ப நானும் குளிசை போடுறன். மகள் அவள்ட வீட்டில. மஃரிபில ஒவ்வொரு தரமும் எழும்ப முந்தி இவர் கொஞ்சம் சுணங்குவார், என்ட கைச் சத்தத்துக்குக் காது குடுத்துக்கொண்டு. கை என்ட மடியில கிடக்கு. தட்டவும் பயம், தட்டாம இரிக்கவும் பயம்.