எதிர் நாற்காலியில் மணிமேகலை

கீரமங்கலத்தில் பூக்கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஆறாங்கிளாஸோடு சரி. என் தம்பி நிலவழகன் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் பெண்டாட்டி மணிமேகலையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருசமாச்சு. திருச்சியில் எம்.பி.ஏ. முடித்த பிள்ளை. ஆனாலும் என் முன்னால் ஒருநாள் உட்கார்ந்ததில்லை. புருசனோட அண்ணன் என்றால் எங்கள் பக்கம் அப்படித்தான். நான் உள்ளே வந்தால் அது எழுந்து அடுப்படிக்குப் போய்விடும். ஏதாவது சொல்லணும் என்றால் என் வீட்டுக்காரி செவந்தி வழியாகத்தான் வரும்.

கம்பெனிகளுக்கு யோசனை சொல்கிற கம்பெனி என்று இருக்கிறதாம். அதில் சேர மணிமேகலைக்கு இன்டர்வியூ. அவர்கள் ஒரு சிக்கலைச் சொல்வார்கள்; இது கேள்வி கேட்டு விவரத்தை வாங்கி, வழி சொல்லணும். முதல் கம்பெனியில் எதிரே இருந்த பெரிய ஆளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பதிலை மட்டும் ஒப்பித்துவிட்டு வந்தது. வேலை போச்சு. அடுத்த கம்பெனி வியாழக்கிழமை, கம்ப்யூட்டர் வழியாக. அதையும் விட்டால் இந்த வருசம் கூப்பிட வேறு ஆள் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் செவந்தி ஒரு தாளை நீட்டினாள். "இதப் படிச்சு மேகலைகிட்ட கேளுங்க. கீழ உள்ள விவரத்த அது கேட்டா மட்டும் சொல்லணுமாம்."

"ஊருல வேற ஆளே இல்லையா?"

"சிரிக்காத மூஞ்சி வேணுமாம். ஒங்கள விட்டா யாரு?"

கதவுக்கு அங்கிட்டிருந்து மேகலையின் குரல் வந்தது. "மாமாகிட்ட கேட்டுட்டா யாருகிட்டயும் கேட்டுருவேன்க்கா."

படித்தேன். ஒரு ஊரில் ஆஸ்பத்திரி. வருகிறவர்களில் பாதிப் பேர் காத்திருந்து அலுத்துத் திரும்பிப் போகிறார்கள். என்ன செய்யலாம்?

கதவுக்குப் பின்னால் நின்றபடியே மடமடவென்று சொன்னது. இன்னும் டாக்டர் போடலாம், கட்டடத்தைப் பெருசாக்கலாம். தாளில் இருந்த எதையும் கேட்கவில்லை. நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவாகவே நிறுத்திக்கொண்டது.

"அதே தப்பத்தான் திரும்பப் பண்றேன்" என்றது.

மறுநாள் ஒரு சேரை இழுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே போட்டு, விளிம்பில் உட்கார்ந்தது. எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"சொவத்தப் பாக்காதீங்க மாமா. என்னையப் பாருங்க."

செவந்தி சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கூட்டம் எந்த நேரத்துல?"

"ஒம்பதுல இருந்து பதினொண்ணு."

"அப்ப எத்தனை டாக்டருக?"

"ஆறு பேரு. ரெண்டு பேரு சும்மா உக்காந்திருக்காக."

"சும்மாவா? அப்ப டோக்கன் குடுக்க எத்தனை பேரு?"

"ஒருத்தன்."

"ஏன் ஒருத்தன்?"

"தாள்ல இல்ல."

"யாரக் கேட்டாத் தெரியும்?"

"என்னைய ஏன்மா மிரட்டுற? ஆஸ்பத்திரியா நடத்துறேன் நான்?"

சிரித்துவிட்டது. புதன்கிழமையும் வேறு நாலு தாள் கொண்டு வந்து என்னைக் குடைந்து எடுத்தது.

வியாழக்கிழமை அறைக்கதவைச் சாத்திக்கொண்டது. நான் கடைக்குப் போகாமல் வெளியே உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷ் எனக்கு எங்கே தெரியும்? ஒரு ஆம்பளைக் குரல் பேசியது. இதன் குரல் கேள்வியாக எழும்பியது. அவர் பதில் சொன்னார். மறுபடியும் இது கேட்டது. எனக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் நேரே என்னிடம் வந்தது. "மெயில் வந்துருச்சு மாமா. கடைசிச் சுத்துக்குச் சென்னைக்கு வரச் சொல்றாங்க. மூணு பேரு கேப்பாங்களாம். மூணு பேருமே பெரிய ஆளுங்க."

"பயமா இருக்கா?"

"இருக்கு மாமா. ஆனா கேட்டுருவேன்."