தலை துர்சுனாய் வீட்டில்

மார்கிலான் நகரச் சந்தையில் ரொட்டி விற்கும் ஹம்ரோகானுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். என்ன செய்வது, பல நேரம் அந்த முயலுக்கு மூன்று கால்தான் இருந்து தொலைக்கும்.

சாலையை அகலப்படுத்தியதில் அவளுடைய பழைய வீடு போனது. காலமான கணவர் ஹோல்மத் நட்ட அத்திமரமும் போனது. அதன் அடியில் கிளைத்த கன்று ஒன்றை மட்டும் வேரோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு புது வீட்டுக்கு வந்தாள். அவர் கைபட்டதில் உயிரோடு மிஞ்சியது அது ஒன்றுதான்.

அந்த ஊர்க் குளிருக்கு அத்தியை நேராக நட்டால் பனியில் கருகிவிடும். சாய்த்து நட்டு, இலை உதிர்ந்ததும் வளைத்துப் படுக்கவைத்து மண்ணால் மூட வேண்டும். புது முற்றமோ ஒடுக்கம். மரம் படுக்க இடமிருந்தது மழையில் இடிந்த மதிலுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுத் துர்சுனாயின் முற்றத்தில். அவளும் ரொட்டிக்காரிதான். அவள் ரொட்டி நடுவில் வேகவில்லை என்று ஹம்ரோகான் ஒருநாள் சந்தை நடுவே சொல்லிவிட்டாள். உண்மைதான். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

ஹம்ரோகான் கூசாமல் கன்றை அந்தப் பக்கமே சாய்த்து நட்டாள்.

"யாரைக் கேட்டு என் பக்கம் சாய்ச்சே?" என்று வந்தாள் துர்சுனாய்.

"குளிர் வந்தா எங்க படுக்கும் பின்னே?"

"நான் மதில் கட்டப்போறேன்."

"தாராளமாக் கட்டு. மரம் நுழையற அளவு வழி விட்டுக் கட்டு."

மதில் எழும்பியது. அந்த இடத்தில் மட்டும் எழும்பவில்லை. மண் போதவில்லை என்றாள் துர்சுனாய், யாரும் கேட்காமலே.

இலை உதிர்ந்ததும் ஹம்ரோகான் கன்றைக் கயிறு கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் படுக்கவைத்தாள். மேலே நாணல், பழைய கம்பளம், பிறகு மண். துர்சுனாய் ஜன்னலோரம் தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒத்தாசைக்கு வரவில்லை. தடுக்கவுமில்லை.

பனிக்காலம் முடியுமுன்னே வெயில் அடித்தது. தெருவில் பலர் அத்தியைத் திறந்துவிட்டார்கள். ஹம்ரோகானும் மண்வெட்டியை எடுத்தாள். எப்போது திறக்கலாம் என்ற நாள் கணக்கு அவளுக்குத் தெரியாததல்ல. பயம்தான். கன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

துர்சுனாய் வந்து மண்மேட்டின் முன்னால் நின்றுகொண்டாள்.

"நகரு. இது என் மரம்."

"வேர் உன்னுது. தலை என் வீட்டுல தூங்குது. ஆப்ரிகாட் பூ உதிரட்டும், எழுப்பலாம்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே அக்கா. வாயை எப்ப மூடணும்னுதான் தெரியாது. மண்ணையாவது மூடியே வை."

ஹம்ரோகானுக்குச் சுருக்கென்றது. மண்வெட்டியோடு திரும்பிவிட்டாள்.

அந்த வாரமே உறைபனி விழுந்தது. தெருவில் திறந்து வைத்த அத்திகள் எல்லாம் கருகின.

ஆப்ரிகாட் பூ உதிர்ந்த பிறகு இருவரும் சேர்ந்தே மண்ணை விலக்கினார்கள். துர்சுனாய் கிளையை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை. பால் கசிந்தது. ஹம்ரோகான் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

மறுநாள் சந்தையில் தன் கடையை விட்டு எழுந்துபோய், துர்சுனாயிடம் ஒரு ரொட்டி வாங்கி, அங்கேயே நின்று நடுவில் பிட்டு வாயில் போட்டாள். இன்னமும் சரியாக வேகவில்லை.

"நல்லா வெந்திருக்கு" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, முழுவதையும் தின்று முடித்தாள்.