பதினோரு நிமிடம் படம் தெரியவில்லை

வெள்ளைக்காரத் துப்பறியும் தொடர்களில் இதுவரை நாற்பத்தொன்று பார்த்து முடித்திருக்கிறேன். அவற்றில் முப்பத்தாறில் துப்பறிகிறவர்கள் இரண்டு பேர். அந்த முப்பத்தாறிலும் இருவருக்கும் ஒத்துப்போகாது. ஒருவர் பெரிய வீட்டுப் பிள்ளை, இன்னொருவர் கூலிக்காரன் மகன். ஒருவர் அவசரக்காரர், இன்னொருவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் ஒரு தேநீரைக் குடித்து முடிப்பார்.

"கொல பண்ணவன் யாருன்னு அப்பவே தெரிஞ்சிபோச்சி. இன்னும் இன்னாத்தப்பா பாத்துகினு இருக்கற?" என்று மகள் கேட்கிறாள். கொன்றவன் யாராக இருந்தால் எனக்கென்ன? ஆகாத இரண்டு பேரை ஒரே காரில் ஏற்றிக் கதவைச் சாத்திவிடுகிறார்களே, அதற்காகத்தான் பார்க்கிறேன். பேசித்தான் தீர வேண்டும். வேறு வழி கிடையாது. உலகத்தில் இதைவிட நல்ல கதை எதுவும் இல்லை என்பது என் முடிவு.

கீழே ஓடுகிற எழுத்துதான் சரியில்லை. நான் நான்கு வார்த்தை படிப்பதற்குள் அது ஒன்பது வார்த்தை ஓடிவிடுகிறது. முதன்முதலாக இப்படி ஒரு தொடரைப் பார்த்தபோது எழுத்தெல்லாம் கிடையாது. மாமா இருந்தார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் சாலையில் பதினான்காவது கிலோமீட்டரில் எங்கள் ஊர். ஊருக்கே ஒரு டிவி. அது ஊராட்சி அறையில் இருந்தது. அந்த அறை எங்கள் தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் இருந்ததால் இரண்டு பக்கத்து ஆட்களும் வருவார்கள். எங்கள் பக்கம் சுவரோரமாக, அவர்கள் பக்கம் சன்னலோரமாக. மேற்கே கல்வராயன் மலை. ஏரியலை மலைப்பக்கம் இரண்டு விரல் திருப்பினாலும் போதும், திரையில் அரிசி கொட்ட ஆரம்பித்துவிடும். அதனால் ஒருவர் உள்ளே நின்று படத்தைப் பார்த்துக் கத்த வேண்டும், ஒருவர் வெளியே நின்று ஏரியல் கம்பத்தைத் திருப்ப வேண்டும்.

உள்ளே கத்துகிறவர் என் மாமா. வெளியே திருப்புகிறவர் அவருடைய கூட்டாளி, காலனிக்காரர். இருவரும் ஒன்றாகப் படித்து ஒன்றாகவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள். மாமா வாய் ஓயாமல் பேசுவார். கூட்டாளி நாளுக்கு முப்பது வார்த்தை பேசினால் அதிகம். ஆனாலும் மூன்றே திருப்பில் படத்தைத் தெளிவாக நிறுத்திவிடுவார்கள்.

அது, தனி ஒதுக்கீடு கேட்டு எங்கள் தெரு ஆட்கள் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்ட வருடம். ஒன்பது மரங்கள். மாமாவும் கோடாலியோடு போனார். ஆறு நாள் பஸ் ஓடவில்லை. பஸ் திரும்ப ஓடியதும் வந்த முதல் தபாலில் மலைமேல் பள்ளிக்கூடத்தில் வேலை என்று கூட்டாளிக்கு உத்தரவு வந்தது. மாமாவுக்கு வரவில்லை. மாமாவுக்கு அவரைவிடப் பதினோரு மார்க் அதிகம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது.

"பத்து வருஷமா ஒரே சைக்கிள்ல சுத்தனவங்க. அவன் மலைக்கிப் போறதுக்குள்ள ஒரு வார்த்த பேசனா கொறஞ்சா பூடுவ?" என்று அம்மா கேட்டாள்.

"மொதல்ல அவன் பேசட்டும்" என்றார் மாமா.

கூட்டாளி மலையேற இன்னும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. ஞாயிறு பிற்பகல்தான் அந்தத் தொடர். குடையை விரித்து மடக்கிக்கொண்டே இருக்கிற நெட்டை இன்ஸ்பெக்டர், எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கிற குட்டை சார்ஜண்ட். ஊரில் அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. மாமாதான் சத்தமாகத் தமிழில் சொல்லுவார். நான் எண்ணிக்கொண்டே வருவேன். முன்பெல்லாம் நான்கு வார்த்தைக்கு ஐந்து வார்த்தை சொல்லுவார், அது நியாயம்.

முதல் ஞாயிறு இன்ஸ்பெக்டர் நான்கே வார்த்தை பேசினார். மாமா சொன்னது இது: "இன்ஸ்பெக்டரு இன்னா சொல்றாருன்னா, உன்னவிட எனக்கு மார்க் ஜாஸ்தி, வேல மட்டும் ஒனக்கு, இது ஞாயமாடான்றாரு."

சன்னலோரத்திலிருந்து கூட்டாளியின் குரல் வந்தது. அவர் மொழிபெயர்த்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சார்ஜண்டு இன்னா சொல்றாருன்னா, உங்க வூட்ல எட்டு ஏக்கர் நெலம் கீது, எங்க வூட்டுக்குக் கதவே கெடையாது. அத எந்தப் பரீட்சைல மார்க்காப் போடுவாங்கன்றாரு."

"அடேங்கப்பா, வெள்ளக்காரன் ஊர்லயும் இதே சண்டதானா!" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு சார்ஜண்ட் ஒரு கதவைத் தட்டி ஏதோ கேட்டார். "நீ வெட்டிப் போட்ட மரத்துமேல ஏறித்தாண்டா எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்கித் தூக்கினு போனேன்றாரு" என்றார் கூட்டாளி. படத்தில் ஒரு மரம்கூட விழவில்லை. அதன்பின் இன்ஸ்பெக்டர் வெகுநேரம் பேசினார், நான் எண்ணியவரை அறுபது வார்த்தைக்குக் குறையாது. மாமா வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில், "இன்ஸ்பெக்டரு எனக்குத் தெரியாதுன்றாரு" என்றார். அறுபதுக்கு மூன்று. எனக்கு வயிறு எரிந்தது. கொலையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே!

மூன்றாவது ஞாயிறு கரண்ட் இல்லை.

நான்காவது ஞாயிறு கடைசிப் பகுதி. கொன்றவனைப் பிடிக்கப் போகிற நாள். சார்ஜண்ட் அறைக்குள் வந்து தொப்பியைக் கழற்றி, "குட் மார்னிங், சார்" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தினமும் காலையில் நாற்பத்திரண்டு பேர் எழுந்து நின்று ராகம் போட்டு நாங்கள் சொல்லுவது. எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ்.

"நாளைக்கி மொத பஸ்ஸுக்கு மேல போறேன்றாரு. பஸ்ஸு வரைக்கும் வருவியாடா, மாட்டியான்னு கேக்கறாரு" என்றார் கூட்டாளி.

எல்லோரும் மாமாவின் முகத்தையே பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"பொய்யி! குட் மார்னிங் சார்னுதான் சொன்னாரு. மூணே வார்த்த!"

முதலில் காலனிப் பக்கத்தில் யாரோ சிரித்தார். அப்புறம் இரண்டு பக்கமும் சிரித்தது. "ரெண்டு வாத்தியாருக்கும் மார்க் போட்டுட்டாண்டா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மாமா எழுந்தார். என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திரையைப் பார்த்தார். படம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது.

"படம் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் கூட்டாளியும் எழுந்து போனார். உடனே அரிசி கொட்ட ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டர் போனார், சார்ஜண்ட் போனார், கொன்றவனும் போனான். நான் சன்னலுக்கு ஓடி, "மாமா, கெழக்கால! கெழக்காலத் திருப்பு!" என்று பதினேழு தடவை கத்தினேன். பொறுக்க முடியாமல் வெளியே ஓடினேன்.

இருவரும் கம்பத்தடியில் நின்றிருந்தார்கள். நான்கு கைகளும் கம்பத்தின்மேல் இருந்தன. மாமா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், கூட்டாளி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, படம் பூடுச்சி!"

"தெரியுண்டா, போ" என்றார் மாமா, என் பக்கம் திரும்பாமல்.

படம் திரும்ப வந்தபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது, சுவர்க் கடிகாரம் சாட்சி. கைவிலங்கோடு யாரோ காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள், முதுகு மட்டும் தெரிந்தது. அந்தக் கொலையைச் செய்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு மாமா சைக்கிளில் கூட்டாளியின் டிரங்குப் பெட்டியைக் கட்டித் தள்ளிக்கொண்டு போனார், கூட்டாளி பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் இருவரோடும் பேசவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்த இரண்டு பேர் சேர்ந்தும் ஒரு கம்பத்தைத் திருப்பத் தெரியவில்லையே என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். ஏரியலை நேராக மலையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் திருப்பினால் படம் வராது என்பது எங்கள் ஊரிலேயே அவர்கள் இருவருக்கும்தான் நன்றாகத் தெரியும் என்பது மட்டும் எனக்கு அப்போது தோன்றவில்லை.